ஒரே விலாசத்தில் இரண்டு குடித்தனம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை அடிக்கடி சொல்வேன். போதும் என்று யாராவது சொன்னால் இன்னொரு தடவை சொல்வேன். கம்மாபுரம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த பரம்பரையிலிருந்து ஒருத்தி கிளம்பி வந்து, கறுப்புத் திரையில் எழுத்துகளை ஓட விட்டுச் சம்பளம் வாங்குகிறாள் என்றால், அதை அடக்கமாகச் சொல்வது எப்படி என்று எந்த வகுப்பிலும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

சம்பளம் வாங்கிய இடம் மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. பெயர்ப்பலகையில் மென்பொருள் நிறுவனம் என்று இருந்தது. உள்ளே வந்தால் ஒரு ஹால், ஐந்து கணினி, நான்கு நாற்காலி. கடைசியாக வருகிறவருக்கு ஸ்டூல். நடத்தியவரை சார் என்று கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதிருக்கும், சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அடுத்தபடி அக்கா. அக்காவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அக்கா பிறந்தது இங்கேதான் என்றாலும் கோபமும் கேலியும் அந்த ஊர்ப் பேச்சில்தான் வரும். அவளுக்கு அடுத்தபடி நான். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எந்நேரமும் யாருடைய பிரிண்டரையாவது சரிசெய்ய வெளியே போயிருப்பார்கள். இந்தக் கதை நடந்தபோதும் போயிருந்தார்கள்.

எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டு வகை. பர்மனென்ட், கான்ட்ராக்ட். பர்மனென்ட்டுக்கு குவார்ட்டர்ஸ் உண்டு. குவார்ட்டர்ஸில் மின்சாரம் போகாது, கொல்லையில் மாமரம் இருக்கும், மயில் வரும். கான்ட்ராக்ட் அந்த வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும். என் அப்பா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அம்மா டவுன்ஷிப்பில் நாலு வீட்டில் வேலை. பர்மனென்ட்காரர் மகனான எங்கள் சார், ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் மாடிக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். முதல் வருஷம் கான்ட்ராக்ட், அப்புறம் பார்க்கலாம். எனக்கு அந்த வருஷம் முடியப் போகிற நேரம்.

அம்மா தினமும் சாயங்காலம் கேட்பாள்.

"இன்னா பாப்பா, பர்மனென்ட் பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா."

"கேட்டுகினே இரு. அழுவுற புள்ளைக்குத்தான் பாலு."

"இது மைன்ஸ் இல்லம்மா. கம்ப்யூட்டர் கம்பெனி."

"கான்ட்ராக்டுன்னா எல்லாம் ஒண்ணுதான். உங்கப்பன் மண்ண வார்றான், நீ வேற எத்தயோ வார்ற."

நான் வாரிக்கொண்டிருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பெட்டி உண்டு. ரெப்போ என்போம். மென்பொருள் மட்டுமல்ல, யார் எந்த நாளில் எந்த வரியை மாற்றினார், எதற்காக மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கும். எங்கள் பெட்டிகளையெல்லாம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தன் சர்வரில் இலவசமாக வைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. கடையை மூடுகிறோம், இன்ன தேதிக்குள் உங்கள் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி.

எங்களிடம் நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகள். ஐந்து பேர் கம்பெனிக்கு இத்தனை எப்படி என்றால், சார் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. ஓமியோபதி டாக்டரம்மாவுக்கு டோக்கன் போட ஒன்று, டியூஷன் வாத்தியாருக்குக் கேள்வித்தாள் தயாரிக்க ஒன்று, கிரிக்கெட் குழுவுக்கு ரன் எழுத ஒன்று, நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரி எடைமேடைக்கு ஒன்று. கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்.

பெட்டிகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள்தான் வேடிக்கை. டவுன்ஷிப்பில் பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும்தான் ஆளின் பெயர். எட்டு நூற்றைந்து வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பார்கள், பதினெட்டு இருபத்திரண்டு பையன் பெயிலாகிவிட்டான் என்பார்கள். அப்படிப் பேசியே வளர்ந்த சார், ரெப்போவுக்கும் வாடிக்கையாளரின் விலாசத்தையே பெயராக வைத்துவிட்டார். 16-47, 21-9, 8-105. வெளியூர்க்காரருக்கு மட்டும் ஊர்ப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"சார், இந்த பதினாறு நாற்பத்தேழுல என்ன இருக்கு?"

"அதுவா? அது நம்ம பதினாறு நாற்பத்தேழும்மா" என்றார். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோலப் பார்த்தார்.

மின்னஞ்சல் வந்த அன்று சார் எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். ஆளுக்கு முப்பது பெட்டி பிரித்துக்கொண்டு கையால் ஒவ்வொன்றாகப் புதிய இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

"சார், நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதறேன். எல்லாத்தையும் அதுவே தூக்கிட்டுப் போய் வெச்சிடும். யாரும் தொட வேண்டாம்."

அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாள். "ஏட்டி, கையால செஞ்சா ஒண்ணுக்குப் பத்து நிமிஷம். ஸ்கிரிப்ட எழுதி, அதத் திருத்தி, அது முன்னால உக்காந்து அழுது முடிக்கதுக்குள்ள நாங்க மாத்தி முடிச்சிருவோம்."

"நான் ஏன் அழறேன்?"

"அழுவ. எல்லாரும் அழுதுருக்கோம்."

"அழுதா ஒரு வாரம் கீழ்க் கடையில உங்களுக்கு போண்டா வாங்கித் தர்றேன்."

"ரெண்டு சட்னியோட" என்றாள் அக்கா.

சார் என்னைப் பார்த்தார். "ஒண்ணுகூடத் தொலையாம போய்ச் சேரணும். நீதான் பொறுப்பு. சரியா முடிச்சுட்டா உன் லெட்டரை அடிச்சுடறேன்."

"எந்த லெட்டர் சார்?" என்று கேட்டேன். எந்த லெட்டர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"பர்மனென்ட் லெட்டர்."

வீட்டில் போய்ச் சொன்னேன். குவார்ட்டர்ஸ் மாற்றுவது அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. யாராவது வீடு மாறினால் ஒதுக்க, பெருக்க, கட்ட எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"நூத்தி நாப்பத்தி மூணு வூடு சாமானா? எத்தினி லாரி?"

"லாரி இல்லம்மா. ஒயர்லயே போவும்."

"எதனா ஒடஞ்சா?"

"ஒடையாது."

"பால் காச்சுவாங்களா?"

"அம்மா."

"கேட்டன்டி. வூடு மாறுனா காச்சித்தான ஆவணும்."

ஸ்கிரிப்ட், அதாவது கணினி தானாகச் செய்துகொண்டு போக எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிசை, முப்பது வரிதான் வந்தது. பழைய இடத்தில் என்னென்ன பெட்டிகள் இருக்கின்றன என்று அது பட்டியல் எடுக்கும். ஒவ்வொன்றாக எங்கள் கணினிக்கு இறக்கும். புதிய இடத்தில் அதே பெயரில் காலிப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே அப்படியே வைக்கும். எங்கள் கணினியில் இடம் குறைவு என்பதால் வைத்து முடித்ததும் இறக்கிய பிரதியை அழித்துவிடும். ஒவ்வொரு பெட்டி முடியும்போதும் திரையில் 'முடிந்தது' என்று தமிழில் ஒரு வரி வரும்படி செய்திருந்தேன். அதில் எனக்குத் தனிப் பெருமை.

திங்கட்கிழமை ஓட விட்டேன். முப்பத்தெட்டாவது பெட்டியில் கரண்ட் போனது. எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். எங்கெங்கோ ஊர்களுக்கெல்லாம் அங்கிருந்து மின்சாரம் போகும். டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே இருக்கும் நாங்கள் அந்தப் புகைபோக்கியைப் பார்த்தபடி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அதில் ஏழு நிமிடம் கத்தும்.

கரண்ட் வந்ததும் ஸ்கிரிப்ட் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. முதல் பெட்டிக்கே புதிய இடம் முகத்தைச் சுளித்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றது. ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. இருப்பவற்றையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி கரண்ட் போனது. மூன்றாவது தடவை அக்கா தன் நாற்காலியிலிருந்து, "போண்டாவுக்கு இன்னைக்கே சொல்லிவெச்சிரவா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அந்த வரியைச் சேர்த்தேன். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பதில் வந்தால் கண்டுகொள்ளாதே, உள்ளே போய் வைத்துவிடு. நான் அதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அதன் பிறகு கரண்ட் எத்தனை தடவை போனாலும் என் ஸ்கிரிப்ட் அசரவில்லை. எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, விட்ட வேலையைத் தொடர்வதுபோலத் தொடர்ந்தது.

புதன்கிழமை மதியம், இடையில் நிற்காமல் ஒரே ஓட்டமாக, நூற்று நாற்பத்து மூன்று 'முடிந்தது' திரையில் வரிசையாக நின்றன. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கவுன்ட் சரியா இருக்காம்மா?"

"நூத்தி நாற்பத்து மூணு தடவை முடிஞ்சதுன்னு வந்திருக்கு சார்."

அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. "வெரி குட். நாளைக்கும் நாளன்னைக்கும் நெல்லிக்குப்பத்துல எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து லெட்டர் தர்றேன்" என்றார். அக்கா வியாழக்கிழமை மாலைக்குள் வாடிக்கையாளர்களின் கணினிகளைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டாள். காலையில் திறந்ததும் அவை அங்கிருந்துதான் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளும்.

புதன்கிழமை ராத்திரியே வீட்டில் அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் லெட்டர் கையில வரலம்மா."

"வரப் போவுதுல்ல. முந்திரி வாங்கிட்டன்."

மறுநாள் நாலு வீட்டிலும் தூக்குச்சட்டியைத் திறந்து, பாப்பா பர்மனென்ட் ஆகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். நாலு வீட்டுக்கும் அக்கம்பக்கத்தில் நாலு வீடு உண்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு போன் அடித்தது. டாக்டரம்மாவின் கிளினிக்கில் டோக்கன் போடும் பெண். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, டோக்கன் போடலாம்னு தெறந்தா, ஒரு முக்கோணத்தின் அடிப்பக்கம் எட்டு சென்டிமீட்டர் எனில்னு கேக்குதுங்க."

"என்ன கேக்கு?"

"பரப்பளவு கேக்குதுங்க. கீழ, சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுகன்னு இருக்குது. இங்க பதினோரு பேஷன்ட் உக்காந்துகினு இருக்காங்க."

"நீ என்ன பண்ணுன?"

"ஒருத்தரு 'ஆ' அமுக்கச் சொன்னாருங்க. அமுக்குனன். அடுத்த கேள்வி வந்துடுச்சி."

அக்கா போனைக் கையால் மூடினாள். "ஏட்டி, உன் ஸ்கிரிப்ட் டாக்டரம்மாவ டியூஷனுக்கு அனுப்பிருக்கு."

சிரிக்கத்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே புதிய இடத்தைத் திறந்து, அங்கே எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று முதல் முறையாகப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்பது. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் புரியப் பத்து நிமிடம் ஆனது. பழைய இடத்தில் சாருக்கு இரண்டு கணக்குகள் இருந்தன. வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதிய காலத்தில் தன் பெயரில் திறந்தது ஒன்று, கம்பெனி ஆரம்பித்த பிறகு திறந்தது ஒன்று. முதல் கணக்கு காலத்தில் பதினாறாம் பிளாக் நாற்பத்தேழில் டியூஷன் வாத்தியார் இருந்தார். அவருடைய கேள்வித்தாள் பெட்டிக்கு 16-47 என்று பெயர். அவர் காலி செய்த பிறகு அதே வீடு டாக்டரம்மாவின் கணவருக்கு ஒதுக்கப்பட்டது. அப்போது சார் கம்பெனிக் கணக்கில் டாக்டரம்மாவுக்கு ஒரு பெட்டி திறந்து, வேறென்ன, 16-47 என்று பெயர் வைத்தார். குவார்ட்டர்ஸ் என்றால் ஆள் மாறும், எண் மாறாது. இப்படி நாலு விலாசங்கள்.

என் ஸ்கிரிப்ட் முதலில் டாக்டரம்மாவைக் கொண்டுபோய் வைத்தது. பிறகு வாத்தியாரோடு வந்தது. ஏற்கெனவே இருக்கிறது என்று புதிய இடம் நியாயமாகத்தான் சொன்னது. எனக்குப் பிடித்த அந்த வரி, பரவாயில்லை, உள்ளே போ என்றது. வாத்தியாரின் சாமான் உள்ளே உட்கார, டாக்டரம்மாவுடையது அழிந்துபோனது. கரண்ட் போகாத ஊரில் எழுதியிருந்தால் அந்த வரியே வந்திருக்காது. மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் எழுதியிருந்தால் அந்த வரியால் கெடுதல் வந்திருக்காது.

பழைய இடம் மூட இன்னும் ஏழே கால் மணி நேரம் இருந்தது. டாக்டரம்மாவின் பெட்டியும், அதைப்போல அழிந்துபோன இன்னும் மூன்றும், முழு வரலாற்றோடு இருந்தது அங்கே மட்டும்தான். அவை போனால் என் லெட்டரும் போகும். அது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"எடுத்துரலாம்ட்டி. நாலுதானே" என்று அக்கா சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் கத்திச் சொன்னார். மாதாந்திரப் பராமரிப்பாம். மாலை வரை வராதாம்.

சாருக்கு போன் போட்டோம். எடைமேடைச் சத்தத்தில் எடுக்கவில்லை. அக்கா ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "எங்க வீட்டுக்குப் போவோம். குவார்ட்டர்ஸ்ல கரண்ட் போன சரித்திரமே கிடையாது." கிளினிக்குக்கு போன் செய்து இன்று மட்டும் காகிதத்தில் டோக்கன் எழுதச் சொன்னாள். கணினிப் பெட்டியைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்கூட்டியின் பின்சீட்டில், அதைப் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டு, வரிசை மரங்களுக்கு நடுவே டவுன்ஷிப் சாலையில் போனேன். எதிரே வந்த ஷிப்ட் பஸ்ஸின் சன்னல்களிலிருந்து தலைகள் திரும்பிப் பார்த்தன.

அக்கா வீட்டு முன்னறையில் கணினியை மாட்டினோம். ஸ்கிரிப்டைத் திருத்தினேன். இனி பெட்டிக்கு விலாசம் பெயராகாது, செய்கிற வேலைதான் பெயர். நாலு விலாசங்களில் மூன்றில் யார் யார் என்று உள்ளே திறந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். 21-9 மட்டும் பிடிபடவில்லை. இரண்டு கணக்கிலும் இருந்தது. இரண்டிலும் மாணவிகளின் வருகைப் பதிவு. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியிருந்தார் சார். எது யாருடையது என்று தெரியாமல், நாளைக் காலை எந்தக் கணினி எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சொல்ல முடியாது.

இருபத்தொன்றாம் பிளாக், ஒன்பதாம் எண். அம்மா வேலை பார்க்கும் வீட்டுக்கு எதிர்வரிசை. போன் செய்தேன். அடுத்த தெருவில்தான் இருக்கிறேன் என்று சொல்லி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நேரில் வந்துவிட்டாள்.

"அம்மா, இருபத்தொண்ணு ஒம்பதுல யாரு இருந்தாங்க?"

"இப்பவா, முன்னியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். என் ஸ்கிரிப்ட் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"ரெண்டும் சொல்லு."

"மயிலு வந்து தொட்டியில தண்ணி குடிக்குமே, அந்த வூடு. இப்ப டான்ஸ் கத்துக்குடுக்கற அம்மா இருக்காங்க. அதுக்கு முன்ன பாட்டு டீச்சரு. அவுங்க மூணாம் பிளாக்குக்கு மாறிட்டாங்க, நான்தான் சாமான் ஒதுக்கிக் குடுத்தன். அதுக்கு முன்ன ஒரு கேரளாக்காரங்க. அவுங்க நாயி..."

"நாயி வேணாம்மா."

"யாரு இருந்தாங்கன்னு நீதான கேட்ட."

பழைய கணக்கில் இருந்தது பாட்டு டீச்சர், புதியதில் இருந்தது நடன ஆசிரியை. நான் தட்டச்சு செய்துகொண்டிருக்க, அம்மா திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, சாமான் எதனா ஒடஞ்சிச்சா?"

"ஒடையல. நாலு வூட்டுச் சாமானக் கொண்டுபோயி, ஆளு இருக்கற வூட்டுக்குள்ள எறக்கிட்டன்."

"அங்க இருந்தவங்க சாமான்?"

"வெளிய தூக்கிப் போட்டாச்சு."

அம்மா மோவாயில் கை வைத்தாள். "கதவத் தட்டிப் பாக்க மாட்டியாடி?"

"தட்டினன். ஆளு இருக்குதுன்னு சொன்னாங்க. பரவால்லன்னு உள்ள போய்ட்டன்."

அக்கா சிரித்த சிரிப்பில் அவள் அப்பா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்றேன். "போண்டா" என்றாள் அக்கா. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாருக்கோ அநியாயம் நடந்திருக்கிறது, செய்தது தன் பெண் என்பது மட்டும் புரிந்தது. "சீக்கிரம் எடுத்து உள்ள வெச்சிக் குடு, பாவம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

நாலு மணிக்குள் எட்டுப் பெட்டிகளும் எட்டுப் பெயர்களில் புதிய இடத்தில் உட்கார்ந்தன. டாக்டரம்மாவின் கணினியை அக்கா போனிலேயே சரிசெய்தாள். பிறகு திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக, ரேஷன் கடையில் அட்டை எண்ணுவதுபோல உரக்க எண்ணினாள். நூற்று நாற்பத்து மூன்று.

எண்ணி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் சேந்தாச்சு. சாரு வந்ததும் லெட்டர வாங்கு. இதெல்லாம் ஒரு மாசம் கழிச்சு சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கிடலாம்."

ஸ்கூட்டியில் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எதுவும் தொலையவில்லை, அவர் கேட்டதும் அதுதான். ஆனால் அந்த லெட்டரை நான் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு வருஷமாகச் சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்கும்போது முக்கோணத்தின் பரப்பளவு ஞாபகம் வரும் என்றால் பிறகு எதற்கு மாட்டுவது? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பது வரை தயார் செய்தேன்.

ஐந்தரை மணிக்கு சார் மாடியேறி வந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டரம்மா டோக்கன் சரியாச்சா?" என்றார் அவர்.

"யாரு சார் சொன்னா?" என்றாள் அக்கா.

"எங்கம்மா போன் பண்ணாங்க. நம்ம ஆபீஸ் பொண்ணு யார் வீட்டுச் சாமானையோ தெருவில தூக்கிப் போட்டுட்டாளாமேன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டுல வேலை செய்யறவங்க சொன்னாங்களாம். எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் கிளினிக்குப் பொண்ணும் போன் பண்ணினப்பதான் விளங்குச்சு."

நான் தயார் செய்த பேச்சு அத்தனையும் வீண். ஆனாலும் விடவில்லை. முதலிலிருந்து சொன்னேன். கரண்ட் போனது, பிடித்த வரி, எண்ணிப் பார்க்காதது, நூற்று முப்பத்தொன்பது, எல்லாவற்றையும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்.

"இப்ப ஒண்ணும் தொலையலையே?"

"இல்ல சார்."

"கவுன்ட்?"

"நான் விரல் வெச்சு எண்ணுனேன் சார்" என்றாள் அக்கா.

அவர் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். அதன் மேல் என் பெயர் இருந்தது. விலாசம் இல்லை, பெயர்தான். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சார், ஆனா நீங்க அப்படிப் பேர் வெச்சிருக்கக் கூடாது. பாதித் தப்பு உங்களுது."

அக்கா பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சார் நீட்டிய கவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்ப பாதி பர்மனென்ட் தரட்டுமா?"

"முழுசா தாங்க சார். வேணும்னா மெதுவா தாங்க."

மெதுவாகத்தான் தந்தார். கவரை மேசை இழுப்பறையில் வைத்தார். ஒரு மாதம். வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு, அவரவர் சாமான் அவரவரிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நூற்று நாற்பத்து மூன்றுக்கும் புதுப் பெயர் வைக்க வேண்டும். அது முடிந்தால் தேதி மாற்றி அடித்துத் தருவதாகச் சொன்னார்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த பிரச்சினை.

"ஒரு மாசம் ஆவும்மா."

"கேசரி குடுத்துட்டனே."

"யாராவது கேட்டா?"

"பர்மனென்ட்டுன்னுதான் சொல்லுவன். குடுத்த கேசரியத் திருப்பி வாங்க முடியுமா?"

அந்த ஒரு மாதமும் அம்மாவின் நாலு வீட்டிலும் நான் பர்மனென்ட், மாடியில் கான்ட்ராக்ட். ஒரு வாரம் போண்டா வாங்கிக் கொடுத்தேன், இரண்டு சட்னியோடு. ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். திருவதிகையில் ஓய்வாக இருந்த டியூஷன் வாத்தியார், தன் கேள்விகளுக்குப் பேஷன்ட்டுகள் என்ன விடை சொன்னார்கள் என்று ஆர்வமாகக் கேட்டார். 'ஆ' என்றேன். சரிதான் என்றார். புதுப் பெயர் வைக்கும்போது சார் பக்கத்தில் நின்று, பதினாறு நாற்பத்தேழு என்றால்தான் தனக்கு ஞாபகம் வரும் என்று கடைசிவரை புலம்பினார். நான் அசரவில்லை.

மாதம் முடிந்த அன்று கவர் கைக்கு வந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கி வீட்டுக்கு ஓடினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பர்மனென்ட் ஆயிட்டன்."

"இத்த நான் போன மாசமே சொல்லிட்டன்."

"இன்னிக்குத்தாம்மா நெசமா ஆயிருக்கு. கேசரி?"

"ஒரு விசயத்துக்கு ரெண்டு தபா கேசரி கெளறுவாங்களா?"

நானே கிளறினேன். அடி பிடித்துவிட்டது. அம்மா வாசனை பார்த்துவிட்டுச் சட்டியை ஊறப்போடச் சொன்னாள். முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்த அப்பா மட்டும் தட்டை நீட்டி இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார். லெட்டரைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ஒரு வரி வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். விடுப்பு பற்றிய வரி.

"லீவு போட்டா அன்னிக்குக் கூலி புடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"ஒடம்பு நல்லா இருந்தாக்கூடவா?"

"நல்லா இருந்தாக்கூட."

தட்டில் மிச்சமிருந்த கேசரியை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்டின்னா ஒரு நாள் லீவு போட்டுப் பாரு" என்றார்.

திங்கட்கிழமை போட்டுப் பார்த்தேன்.